எழுபத்துமூன்றாம் மாடியும் என் கட்டைவிரலும்

ஒன்பது மாடிக் கட்டிடத்துக்காகச் செய்த போர்டு, லிஃப்ட் எழுபத்துமூன்றாம் மாடியில் நிற்கிறது என்று காட்டியது. அந்த அறையில் லிஃப்டே கிடையாது. மேஜைமேல் போர்டு, போர்டுக்குப் பக்கத்தில் மின் இணைப்புப் பெட்டி, அதைச் சுற்றி நாங்கள் மூன்று பேர், அவ்வளவுதான்.

என் தம்பி நெற்றியில் கை வைத்துக்கொண்டான். தம்பி மனைவி போர்டை முறைத்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்க அண்ணி. மூணு மணிக்கு போர்டைச் சோதிக்க அந்தாள் வந்துடுவார்" என்றாள் தம்பி மனைவி.

"அதான் நான் இருக்கேனே. தள்ளு." மேஜையருகே போய் போர்டின் இடது மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். "இப்பப் போடு."

அணைத்துவிட்டுப் போட்டாள். போர்டு அரை நொடி யோசித்தது. பிறகு சமர்த்தாக '0' என்று காட்டியது. தரைத்தளம்.

"பாத்தியா? கைராசி!"

"அக்கா கை வச்சா எல்லாம் சரியாயிடுது" என்றான் தம்பி, நிஜமான பக்தியோடு.

"கையை எடுங்க அண்ணி" என்றாள் அவள். எடுத்தேன். அணைத்துப் போட்டாள். நாற்பத்தொன்றாம் மாடி.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நானே சொன்னால்தான் குறைவில்லாமல் இருக்கும். தொலைபேசி இணைப்பகங்களுக்கு போர்டு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கடைசி மேஜை என்னுடையது. அந்த மேஜையைத் தாண்டாமல் ஒரு போர்டும் வாசலைப் பார்த்ததில்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், கெட்டுப்போன போர்டு பயந்துபோய்த் தானாகவே குறையை ஒப்புக்கொள்ளும். நான் தும்மினால் மூன்று வரிசை நின்றுவிடும். ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள். தொழிற்சாலை அன்றைக்கே பாதி படுத்துவிட்டது என்று கேள்வி. நான்தான் சொன்னேன், நான்தான் கேட்டேன்.

தம்பி மனைவி வேறு ரகம். படித்தவள், பேச்சு குறைவு, கணக்கு சுத்தம். எட்டு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தில் மற்றவர்கள் வரைந்த படங்களில் தேதி மாற்றும் வேலை பார்த்தாள். இந்த வருடத் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்தும் அறையைப் பட்டறையாக்கினாள். தம்பி ஈயம் வைத்து ஒட்டுவான், பெட்டி கட்டுவான், போன் எடுப்பான். வடிவமைப்பு முழுக்க அவளுடையது. தனக்குத்தானே ஆறு மாதம் கெடு வைத்திருந்தாள். நாற்பது கட்டிடங்களின் லிஃப்ட்டுகளுக்கு மாடி எண் காட்டும் போர்டு வேண்டும் என்று ஒரு லிஃப்ட் கம்பெனி கேட்டது. மாதிரி போர்டு இன்றைய சோதனையில் தேறினால் நாற்பதும் இவளுக்கு. தேறாவிட்டால், பழைய அலுவலகத்திலிருந்து வந்த 'திரும்ப வரலாம்' கடிதத்துக்குத் திங்கட்கிழமைக்குள் 'சரி' என்று பதில் போட வேண்டும். அந்தக் கடிதம் சுவரில் ஆணியில் தொங்கியது. நான் உள்ளே வரும்போதெல்லாம் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பேன், அது சுளிக்காது.

சோதிக்க வருகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூன்றடி. சோதனையின்போது யாரும் மூன்றடிக்குள் வரக்கூடாது என்பது அவர் சட்டம்.

"மூணடி தள்ளி நின்னு உங்க கைராசி வேலை செய்யுமா அண்ணி?"

"என் ராசிக்கு மூணடி எம்மாத்திரம்? மூணு தெரு தாண்டும்" என்று மூன்றடி பின்னால் போய், கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றேன். போர்டு அறுபத்தெட்டாம் மாடிக்குப் போனது.

"எழுபத்துமூணுலேர்ந்து அஞ்சு மாடி இறங்கியிருக்கு பாரு" என்றேன். தம்பி மட்டும் சிரித்தான்.

கோளாறு இருக்கும் இடம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த போர்டில் எண்ணைச் சுமந்து போக எட்டுக் கம்பிகள் கொண்ட ஒரே பாதை. அதில் பேச இரண்டு பேர் உண்டு. ஒன்று, லிஃப்டிலிருந்து மாடி எண்ணை வாங்கிச் சொல்லும் பஃபர் சிப். இன்னொன்று, தீ விபத்து நேரத்தில் அவசரக் கட்டளை சொல்லும் பஃபர் சிப். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்க்கால் உண்டு. தண்ணீர் வாய்க்கால் அல்ல, வாயைத் திறக்கவும் மூடவும் வைக்கும் கால். அந்தக் காலில் மின்சாரம் உயர்ந்திருந்தால் சிப் வாயை மூடிக்கொள்ளும், தாழ்ந்தால் பேசும். யார் எப்போது பேசலாம் என்று மூளைச் சிப் தீர்மானிக்கும்.

இரண்டும் சேர்ந்து பேசினால் வந்தது வினை. ஒன்று கம்பியை மேலே இழுக்கும், இன்னொன்று அதே கம்பியைக் கீழே இழுக்கும். நானும் தம்பி மனைவியும் ஒரே சமயத்தில் தம்பியிடம் 'விளக்கைப் போடு', 'விளக்கை அணை' என்று கத்தினால் அவன் என்ன செய்வான்? நடுவில் நின்று திருதிருவென்று விழிப்பான். அந்த விழிப்புதான் எழுபத்துமூன்றாம் மாடி. இழுக்கிற இரண்டு சிப்புக்கும் காய்ச்சல் கண்டுவிடும். காலையில் நான் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், தோசை வார்க்கலாம் போல இருந்தது. இரண்டும் போட்டி போட்டு மின்சாரத்தை உறிஞ்சியதில் மூளைச் சிப் எழுந்திருப்பதும் மறுபடி மயங்கி விழுவதுமாகக் கிடந்தது.

"ரெண்டுக்கும் யாரு ஒரே நேரத்துல 'பேசு'ங்கறா? அதான் புரியலை" என்றாள். "மீட்டர் வச்சா ரெண்டு காலும் தாழ்வாத்தான் காட்டுது. மூளைதான் அப்படிச் சொல்லுதுன்னா என் புரோகிராம்தான் தப்பு. ரெண்டு நாளா வரி வரியா பாத்துட்டேன்."

"பார்ட்ஸ் வச்சதுல ஏதாவது விட்டுப் போயிருக்குமா?" என்று தம்பி மெல்லக் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏனென்றால் செவ்வாய்க்கிழமை பாகங்களையெல்லாம் இடுக்கியால் எடுத்து போர்டில் அடுக்கியது நான். தம்பி அதற்குப் பின்னால் ஈயம் வைத்தான்.

"நான் வச்ச போர்டுல குறை சொல்ல இனிமேதான் ஒருத்தர் பொறக்கணும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். மறுபடி புரோகிராமுக்குள் மூழ்கினாள்.

மணி ஒன்றே கால் ஆனது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள், ஆனால் சாப்பிடவில்லை. வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காயில் ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே போர்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு வெள்ளரிக்காயைப் பார்த்தாள்.

"அண்ணி, எங்க புடிச்சீங்க? சரியா அதே எடத்தைக் காட்டுங்க."

காட்டினேன். வெள்ளரித் துண்டைக் கட்டைவிரல் நுனி அளவுக்கு வெட்டினாள். அதே மூலையில், அதே இடத்தில் வைத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

'0'.

அணைத்தாள், போட்டாள். '0'. ஏழு தடவை. ஏழு தடவையும் தரைத்தளம்.

"வெள்ளரிக்காய்க்கும் கைராசி உண்டாண்ணி?"

தம்பி வெடித்துச் சிரித்தான். முப்பத்தொரு வருட கௌரவத்தை ஒரு துண்டு வெள்ளரிக்காய் தட்டிப் பறித்தது. ஆனாலும் எனக்குச் சிரிக்க வரவில்லை. வெள்ளரிக்காய் உட்கார்ந்திருந்த இடத்தை அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடிக் கூடு இடுப்பில் திடீரென்று கனத்தது.

அவள் வெள்ளரிக்காயை எடுத்துவிட்டு, உருப்பெருக்கியை வைத்துக் குனிந்து பார்த்தாள். "இங்க எதுவோ இருக்கணும். ரெண்டு காலி எடம் இருக்கு, பக்கத்துப் பக்கத்துல." சுவரில் ஒட்டிய படத்தருகே போய் விரலால் தடவித் தேடினாள். "இருக்கு! ரெண்டு வாய்க்காலையும் மேல கட்டி வைக்க ரெண்டு ரெசிஸ்டர். நான் போட்டிருக்கேன். போர்டுல இல்லை." நேரே தம்பியிடம் திரும்பினாள். "என்னங்க, ஈயம் வைக்கும்போது இது ரெண்டும் எங்க போச்சு?"

"நானா? நான்... அப்படியா?" தம்பி போர்டை வாங்கிப் பார்த்தான். "உதறினப்போ விழுந்திருக்குமோ? ஐயோ, விழுந்திருக்கும்மா. நான்தான் கவனிக்கலை போல." அப்படியே மண்டியிட்டு மேஜைக்கடியில் தேட ஆரம்பித்தான்.

"ரெண்டு நாள்" என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் மோசம். "ரெண்டு நாளா நான் என் புரோகிராமைச் சந்தேகப்பட்டேன். இது நமக்கு ஒத்து வராதுன்னு நேத்து அந்த லெட்டருக்குப் பதில்கூட எழுதி வச்சுட்டேன்."

தம்பி ஐம்பத்திரண்டு வயதில் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். டார்ச் அடித்து, தூசியை ஊதி, "இங்கதான் எங்கேயாவது கெடக்கும்" என்று முணுமுணுத்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு நிமிடம் இருக்கும். என் வாழ்நாளில் அதைவிட நீளமான நாலு நிமிடம் கிடையாது. அதற்குள் நான் மனதில் பதினேழு கதை கட்டினேன், பதினேழும் நன்றாகவே இருந்தன. எலி தூக்கிப் போயிருக்கலாம் என்பது அதில் ஏழாவது.

"டேய், எழுந்திரு" என்றேன். "முட்டி தேயும்."

மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். கண்ணாடி துடைக்கும் துணியின் மடிப்பில், காகிதத்தில் சுற்றி, அரிசி நொய் அளவில் இரண்டு ரெசிஸ்டர். மேஜைமேல் வைத்தேன்.

மேஜைக்கடியிலிருந்து தம்பியின் தலை மட்டும் வெளியே வந்தது.

"எங்க காலத்து சிப்புல" என்று தொடங்கினேன், "ஒரு காலைச் சும்மா விட்டா, அது உயர்வுன்னே எடுத்துக்கும். முப்பத்தொரு வருஷம் சும்மாத்தான் விட்டோம். செவ்வாய்க்கிழமை இதைப் பார்த்ததும், இது எதுக்கு வீணா ரெண்டு ரெசிஸ்டர்னு தோணுச்சு. எடுத்து வச்சுட்டேன். இன்னைக்கு போர்டு தேறினதும், 'பாரும்மா, ரெண்டு குறைச்சும் ஓடுது'ன்னு உன் முன்னாடி எடுத்து நீட்டணும்னு இருந்தேன். பெருமைக்குத்தான். வேற ஒண்ணுமில்லை."

அவள் இரண்டு ரெசிஸ்டரையும் பார்த்தபடி நின்றாள். "இது அந்த சிப் இல்லைண்ணி. இது புதுசு. இதோட காலைச் சும்மா விட்டா அது எதையும் எடுத்துக்காது, காத்துல ஆடும். டியூப்லைட் எரிஞ்சா ஒரு பக்கம் சாயும், நீங்க நடந்து போனா இன்னொரு பக்கம் சாயும். மூளை எழுந்திருக்கறதுக்கு முந்தின அரை நொடியில அதைப் புடிச்சு வைக்க ஆள் வேணும். அதுக்குத்தான் ரெசிஸ்டர்." நிறுத்தினாள். "மீட்டர் வச்சப்போகூட மீட்டர்தான் காலைக் கீழ இழுத்திருக்கு. நான் அதை நம்பிட்டேன்."

"அப்போ அக்கா கை?" என்றான் தம்பி.

"விரல்லயும் வெள்ளரிக்காய்லயும் ஈரம் இருக்கு, கொஞ்சம் மின்சாரம் ஓடும். கட்டைவிரல்தான் ரெசிஸ்டர். ரெண்டு எடத்தையும் சேர்த்து மூடுற அளவுக்கு..." என் விரலைப் பார்த்தாள், "தாராளமா இருக்கு."

"நீ என்னைச் சந்தேகப்பட்டிருக்கணும்மா" என்றேன்.

"உங்களை எப்படிண்ணி சந்தேகப்படறது? நீங்க கடைசி மேஜை."

அதை அவள் கேலியாகச் சொல்லியிருந்தால் நான் நூறு பதில் சொல்லியிருப்பேன். கேலியில்லாமல் சொன்னாள். என் வாய்க்கால் அன்று முதல் முறையாக உயர்ந்தே நின்றது.

"மணி என்ன?" என்றாள்.

"ஒண்ணே முக்கால்."

"நீங்களே வைங்கண்ணி. கண்ணாடி போட்டுக்கிட்டு. கூட்டுல வேற எதுவும் இருந்தா அதையும் வச்சுடுங்க."

"கூட்டுல ஒரு மாத்திரை இருக்கு."

"அதை நீங்க போட்டுக்குங்க."

தம்பி எழுந்து முட்டியைத் தட்டினான். "அப்போ என் மேல போட்ட பழி?"

"அது கல்யாணத்தன்னைக்கே போட்டதுடா, அப்படியே இருக்கட்டும்" என்று இடுக்கியை எடுத்தேன். முதல் ரெசிஸ்டர் நூல் பிடித்தாற்போல் உட்கார்ந்தது, இரண்டாவது அதைவிட நேராக. தம்பி ஈயம் வைத்தான். அவள் உருப்பெருக்கியில் நான்கு முனைகளையும் பார்த்தாள், பிறகு போர்டில் உள்ள எல்லா இடங்களையும் படத்தோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டாள். நான் பக்கத்தில் நின்று ஒன்றொன்றுக்கும் 'உண்டு' சொன்னேன். எண்பத்தாறு உண்டு. ஓரிடத்தில் கூட நான் வேடிக்கை பேசவில்லை. இந்தச் சாதனையைத் தம்பியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால் மூன்றடி வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு பெட்டி, முகத்தில் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை என்ற தீர்மானம். பெட்டியிலிருந்து சிறிய துளை போடும் இயந்திரத்தை எடுத்தார்.

"இது எதுக்குங்க?" என்றான் தம்பி.

"லிஃப்ட் மோட்டார் பக்கத்துல ஓடும். அந்த இரைச்சல்ல உங்க போர்டு என்ன பண்ணுதுன்னு பாக்கத்தான். எல்லாரும் மூணடி."

நாங்கள் சுவரோடு சுவராக நின்றோம். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவிழ்ந்து ஓடிவிடக்கூடாது என்று ஒரு கட்டைவிரலை இன்னொரு கையால் பிடித்திருந்தேன்.

இயந்திரத்தை போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் ஓட விட்டார். சுவிட்சைப் போட்டார். '0'. அணைத்தார். போட்டார். '0'. தன் பெட்டியிலிருந்து, லிஃப்ட் அனுப்புவதுபோல மாடி எண்ணை மாற்றி மாற்றி அனுப்பினார். நான்கு, ஒன்பது, இரண்டு, கேட்டதையே காட்டியது. அவசரக் கட்டளையைக் கொடுத்தார். லிஃப்ட் சிப் வாயை மூடியது, அவசர சிப் பேசியது, இரண்டும் ஒன்றின் பேச்சில் ஒன்று குறுக்கிடவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததே இல்லை. பத்து முறை அணைத்துப் போட்டார். ஒன்பது வரை நான் எண்ணினேன். பத்தாவதில் அரை நொடி வெறுமையாக இருந்தது. நியாயமான அரை நொடிதான், மூளை எழுந்திருக்கும் நேரம். எனக்கு அது ஒரு மழைக்காலம். பிறகு '0'.

இரண்டு பஃபர் சிப்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "சில்லுனு இருக்கு" என்றார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். "இது என்ன வாசனை?"

"வெள்ளரிக்காய்" என்றாள் தம்பி மனைவி, கண் இமைக்காமல்.

ஆச்சரியப்படாத மனிதர் ஒரு கணம் ஆச்சரியப்பட்டார். பிறகு உருப்பெருக்கியை இடது மூலைக்கு நகர்த்தினார். "இந்த வாரம் வேற ரெண்டு பேரோட மாதிரி பார்த்தேன். ரெண்டுலயும் எடுத்த எடுப்புல ஏதேதோ மாடி காட்டுச்சு. இந்த எடத்துல ரெசிஸ்டர் இல்லை. உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஒரு குறும்பு, அதை அவள் என்னிடமிருந்துதான் திருடியிருக்க வேண்டும். "அண்ணி சொல்வாங்க. அவங்கதான் இதுக்குன்னே ரெண்டு நாள் ஆராய்ச்சி பண்ணினாங்க."

முப்பத்தொரு வருடம் நான் தேடிக்கொண்டிருந்த மேடை அது. நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"இவ படத்துல மொதல்ல இருந்தே போட்டிருந்தா" என்றேன். "எடுத்துப் பார்த்தது நான். எடுத்தா என்ன ஆகும்னு இப்ப எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும். அந்த நாற்பது கட்டிடத்துலயும் யாரும் எடுக்காம இருக்கணும்."

மூன்றடி தாளில் கையெழுத்துப் போட்டார். நாற்பதும் இவளுக்கு என்று வாயால் சொல்லவில்லை. முதல் பத்தை எந்தத் தேதிக்குள் தர முடியும் என்று கேட்டார். தம்பி ஒரு தேதி சொன்னான். அவள் அவனை முந்திக்கொண்டு இன்னொரு தேதி சொன்னாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் மூன்றடி குழம்பிப் போனார். நான்தான் இருவரையும் அடக்கி, அவள் தேதியை மட்டும் பேசவிட்டேன்.

அவர் போன பிறகு அவள் ஆணியிலிருந்து கடிதத்தை எடுத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். பின்பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தாள், மை அட்டையைத் திறந்தாள்.

"அண்ணி, கட்டைவிரலைக் குடுங்க."

"எழுத்து தெரியாதவளா நான்? கையெழுத்தே போடுறேன்."

"கையெழுத்து வேண்டாம். விரல்தான் வேணும்."

மூன்று வாரம் கழித்து அச்சான முதல் பத்து போர்டுகள் வந்தன. இடது மூலையில், அந்த இரண்டு ரெசிஸ்டர்களைச் சுற்றி, வெள்ளைக் கோட்டில் ஒரு கட்டைவிரலின் உருவம். பக்கத்தில் பொடி எழுத்தில் 'எடுக்காதே'. ஈயம் வைக்கிற எவரும் அதைப் பார்க்காமல் கையை எடுக்க முடியாது.

நான் என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனாலும் அவளிடம் அளவு போதாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த முப்பதில் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும், என் விரல் அதைவிடப் பெரியது.